அரைவீசத்தில் ஒரு டிராக்டர்

ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வருகிற பெண்கள் என் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டுவிடுவார்கள்: "இன்னாமா இது, அலமாரி பூரா டிராக்டரு?" நான் பதில் சொல்வதில்லை. வாயில் குண்டூசி இருக்கும். இல்லாவிட்டாலும் இருப்பதுபோல் உதட்டை மூடிக்கொள்வேன்.

எனக்கு எப்போதும் கூச்சம்தான். ஐந்தாவது வரை படித்தேன். மயிலாப்பூரில் ஒரு சந்துக்குள் நாற்பது வருஷத்துக்கு மேல் ஜாக்கெட் தைக்கிறேன். அளவு ஜாக்கெட் ஒன்றைக் கையில் வாங்கிக்கொண்டால் அதற்குமேல் பேச்சே வேண்டியதில்லை. கழுத்து எவ்வளவு இறக்கம், கை எவ்வளவு நீளம், எல்லாவற்றையும் அதுவே சொல்லிவிடும். பேசாமல் பிழைக்க இதைவிட நல்ல தொழில் கிடைக்காது.

முதல் டிராக்டர் தி.நகரில் கிடைத்தது. ஹூக்கும் லைனிங் துணியும் வாங்கப் போனேன். நடைபாதையில் ஒருவர் வெளிநாட்டுப் பழைய பொம்மைகளைக் குவித்துப் போட்டிருந்தார். கார், பஸ், லாரி என்று கிடந்ததற்கு நடுவில் ஒரு சிவப்பு டிராக்டர், உள்ளங்கை அளவு. கையில் எடுத்து ஸ்டீயரிங்கை விரல் நுனியால் திருப்பினேன். முன்சக்கரம் திரும்பியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கடைத்தெருவில் தனியாக நின்றுகொண்டு.

ஏன் டிராக்டர் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். நான் பிறந்தது வளர்ந்தது எல்லாம் மெட்ராஸ்தான். டிராக்டரை நான் பார்த்தது தண்ணீர்த் தொட்டி இழுக்கும்போதும், பெசன்ட் நகர் கடற்கரையில் மணலைச் சலித்துக் குப்பை எடுக்கும்போதும்தான். ஆனால் காருக்கு எல்லாம் மூடியிருக்கும். டிராக்டருக்கு எஞ்சின், குழாய், கம்பி, எல்லாமே வெளியே தெரியும். உள்பக்கம் வெளியே வருகிற மாதிரி திருப்பிப் போட்ட ஜாக்கெட்போல இருக்கும். எங்கே பிடித்திருக்கிறார்கள், எங்கே விட்டிருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருக்கலாம். எனக்கு அது அலுக்கவில்லை.

ஒன்று இரண்டாகி, நாலாகி, பத்தாயிற்று. மூடிப்போன ஒரு ஃபேன்சி ஸ்டோரிலிருந்து நூல்கண்டு அடுக்கும் கண்ணாடி அலமாரி வந்தது. அதன் தட்டுகள் ஒவ்வொன்றும் டிராக்டர் நிற்பதற்கென்றே செய்த மாதிரி இருந்தன. ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு ஜாக்கெட் பிட் விரித்தேன். சிவப்புக்குக் கிளிப்பச்சை, நீலத்துக்கு மாம்பழ மஞ்சள், பச்சைக்கு அரக்கு. புடவைக்கு மேட்சிங் பார்த்துப் பார்த்துப் பழகிய கண், சும்மா இருக்குமா?

அந்தப் பத்துக்கும் வயிற்றுப் பக்கம் சின்ன எழுத்தில் 1:32 என்று போட்டிருந்தது. என் மருமகள்தான் அதன் அர்த்தத்தைச் சொன்னாள். "நெஜ வண்டி இத்த வுட முப்பத்திரண்டு மடங்கு பெருசு, அத்த. கணக்கா அளந்து சுருக்கிக்கிறாங்க. இது வெளாட்டு சாமான் இல்ல, மாடல்." அவள் என்னைப் போல இல்லை. ஏழு வீடு தள்ளி நிற்பவர்களுக்கும் கேட்கிற குரல் அவளுக்கு.

பதினொன்றாவதாக வந்தது சாம்பல் நிற டிராக்டர். ராஜா அண்ணாமலைபுரத்தில் வீடு காலி செய்த என் பழைய வாடிக்கைக்கார அம்மா, மிச்சத் துணிகளோடு அதையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்தார். பெட்டி இல்லை. திருப்பிப் பார்த்தால் வயிற்றில் ஓர் எழுத்தும் இல்லை, வழவழவென்று இருந்தது. ஆனால் அலமாரியில் வைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தபோது, பதினொன்றிலும் இதுதான் சரியான அளவு என்று என் கண்ணுக்குப் பட்டது. தெருவைக் கடந்து போகிற பெண்ணைப் பார்த்தே முப்பத்தாறா முப்பத்தெட்டா என்று சொல்லிவிடுவேன். அந்தக் கண் இதுவரை என்னை ஏமாற்றியதில்லை. அதனால் சாம்பல் டிராக்டரை நடுத்தட்டின் நடுவில் வைத்தேன்.

மாடல் சேர்ப்பவர்கள் கூடி நந்தனத்தில் ஒரு ஹாலில் கண்காட்சி வைப்பதாக மருமகள் ஃபோனில் பார்த்தாள். என்னிடம் கேட்காமலே அலமாரியைப் படம் பிடித்து அனுப்பிவிட்டாள். கொண்டு வாருங்கள் என்று பதில் வந்தது. பதினொன்றையும் லைனிங் துணியில் சுற்றி, அவற்றின் ஜாக்கெட் பிட்களோடு புடவைப் பெட்டிகளில் அடுக்கி, இரண்டு பேரும் ஆட்டோவில் போனோம். ஆட்டோ பின்பக்க கேட்டில் இறக்கிவிட்டது.

உள்ளே ஒரே ஆண்கள் கூட்டம். ரயில், விமானம், கப்பல் என்று மேஜை மேஜையாக இருந்தது. அந்தச் சங்கத்தின் செயலாளர் ஓய்வுபெற்ற இன்ஜினீயர். கழுத்தில் கயிறு கட்டிப் பூதக்கண்ணாடி தொங்கவிட்டிருந்தார். என் டிராக்டர்களை ஒவ்வொன்றாகத் திருப்பி, வயிற்றைப் படித்து, நீளமான நடுமேஜைக்கு அனுப்பினார். பத்து போயிற்று. சாம்பலைத் திருப்பியவர் அப்படியே நின்றார்.

"இதுல ஸ்கேல் போடலியேம்மா. பெட்டி இருக்கா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"அப்ப இது டாய். குழந்தைங்க மூலைல வெச்சிடலாம்." பக்கத்துச் சுவரோரமாகக் கை காட்டினார். அங்கே பிளாஸ்டிக் ஜே.சி.பி.யும் சாவி கொடுத்தால் ஓடும் கோழியும் இருந்தன.

"இன்னா சார், கோழிகூட வெக்கச் சொல்றீங்க?" என்றாள் மருமகள்.

"ரூல்னு ஒண்ணு இருக்கும்மா. அளவு எழுதியிருக்கணும். கண்ணால பாத்து அளவு சொல்ல முடியுமா?"

அவர் கெட்ட மனிதர் இல்லை, மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் கண்ணால் பார்த்து அளவு சொல்ல முடியுமா என்று அவர் கேட்டது எனக்குச் சுருக்கென்றது. நாற்பது வருஷம் நான் வேறு என்ன செய்துகொண்டிருந்தேன்?

"பத்து நடுமேஜைல இருக்குல்ல, அத்த. ஒண்ணுதானே, வுடு" என்றாள் மருமகள் மெதுவாக. அவள் மெதுவாகப் பேசியதே எனக்குப் பயமாக இருந்தது.

"அது போனா பத்தும் வேணாம். எடுத்து வையி" என்றேன்.

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. மருமகள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, நடுமேஜையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் சுற்ற ஆரம்பித்தாள். செயலாளர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

அங்கே நிற்கக் கூச்சமாக இருந்தது. சாம்பலைக் கையில் எடுத்துக்கொண்டு முன்வாசல் வழியாக வெளியே வந்தேன். போர்ட்டிகோவில் ஒரு கூட்டம் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு நிஜ டிராக்டர் நின்றது. பழசு, சின்ன உருவம், சாம்பல் நிறம், மழமழவென்று புது பெயின்ட். என் கையில் இருப்பதைப் பார்த்தேன், அதைப் பார்த்தேன். அதே மூக்கு, அதே தோள், பின்சக்கரத்து மேலே அதே வளைவு. இதுதான் அளவு ஜாக்கெட், என்றது மனசு.

உள்ளே திரும்பிப் போனேன்.

"சார், வெளியே வாங்க. அளந்து காட்றேன்."

அவர் வந்தார். மருமகள் வந்தாள். அதற்குள் விஷயம் பரவி, ரயில்காரர்களும் கப்பல்காரர்களும் வந்துவிட்டார்கள். டிராக்டர் பக்கத்தில் லுங்கியும் வெள்ளைச் சட்டையுமாக ஒரு பாய் நின்றிருந்தார். அவர்தான் ஈக்காட்டுத்தாங்கலில் தன் ஷெட்டில் வைத்து அதைப் பழுது பார்த்து ஓட வைத்தவர்.

"அளக்கணுமா? தாராளமா அளங்கம்மா. இன்னாத்துல அளப்பீங்க?"

என் டேப் அறுபது இஞ்ச்தான். வண்டி அதைவிட நீளம். கைப்பையில் நாற்பதாம் நம்பர் நூல்கண்டும் மார்க் போடும் சாக்பீஸும் எப்போதும் இருக்கும். எடுத்தேன். பாய் வண்டியின் முன்நுனிக்கு நேர் கீழே தரையில் ஒரு கோடு போட்டார். பின்நுனிக்கு நேர் கீழே நான் ஒரு கோடு போட்டேன். இரண்டு கோட்டுக்கும் நடுவே நூலை இழுத்துப் பிடித்து வெட்டினேன்.

"இப்ப இத்த முப்பத்திரண்டால வகுக்கணும். இருங்க, ஃபோன்ல போடறேன்" என்றார் யாரோ.

"வேணாம்" என்றேன்.

எனக்கு வகுத்தல் கணக்கு வராது. ஆனால் தையல்காரி எவளும் பாதிக்கும் காலுக்கும் கணக்குப் போட மாட்டாள், மடிப்பாள். நூலின் இரண்டு நுனியையும் சேர்த்து மடித்தேன். பாதி. இன்னொரு மடிப்பு, கால். இன்னொன்று, அரைக்கால். இன்னொன்று, வீசம். ஐந்தாவது மடிப்பு, அரைவீசம். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பிரம்பை வைத்துக்கொண்டு சொல்லச் சொன்னது, வாயில் தானாக வந்தது.

செயலாளர் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "ரெண்டு, நாலு, எட்டு, பதினாறு..." என்று முணுமுணுத்தவர் சட்டென்று, "அட, முப்பத்திரண்டு!" என்றார்.

மடித்த நூலைச் சாம்பலின் மேல் வைத்தேன். நூல் நீளமாக இருந்தது. கால் இஞ்ச் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

"ப்ச்" என்றது கூட்டம். செயலாளர் பூதக்கண்ணாடிக் கயிற்றைச் சரிசெய்துகொண்டார். மருமகள் என் முழங்கையைப் பிடித்தாள். "வா அத்த, போலாம்."

ஆனால் என் கண் ஒத்துக்கொள்ளவில்லை. கண் சரி என்று சொல்லி டேப் தப்பு என்று சொன்னால், உடம்பில் ஏதோ அதிகமாகப் போட்டிருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். குளிருக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு அளவு கொடுக்க வந்து நின்றவர்கள் உண்டு. நான் டிராக்டரைச் சுற்றி வந்தேன். பின்னால் ஒன்றுமில்லை. முன்னால் வந்து குனிந்தேன். மூக்குக்கு முன்னே ஒரு இரும்புச் சட்டம், ஒரு சாண் நீட்டிக்கொண்டிருந்தது. என் சாம்பலுக்கு அது இல்லை.

"பாய், இது வண்டியோட வந்ததா?"

பாய் தலையைச் சொறிந்தார். "இல்லம்மா. ட்ரைலர்ல ஏத்தும்போது மூஞ்சி இடிக்கக் கூடாதுன்னு நான்தான் வெல்டு வெச்சேன். பெயின்ட் ஒரே கலரா அடிச்சதுல யாரும் கண்டுபுடிக்கல."

"இந்தச் சட்டத்த வுட்டு அளக்கலாமா?"

"அளங்கம்மா, அளங்க!"

சட்டத்துக்குப் பின்னால், மூக்குக்கு நேர் கீழே புதுக் கோடு போட்டேன். புது நூல். பாதி, கால், அரைக்கால், வீசம், அரைவீசம். இந்த முறை நான் வாய்விட்டே சொன்னேன், ஒவ்வொரு மடிப்புக்கும் கூட்டமும் சேர்ந்து சொன்னது. சாம்பலின் மூக்கில் ஒரு நுனியை வைத்தேன். மறுநுனி வால் முனையில் போய் உட்கார்ந்தது. ஒரு நூல் இழை கூட அதிகமில்லை, குறைவில்லை.

ஒரே ஒரு அளவை வைத்துக்கொண்டு யாரும் துணியை வெட்ட மாட்டார்கள். பின்சக்கரத்தின் உயரம் எடுத்தேன். சரியாக இருந்தது. இரண்டு பின்சக்கரத்துக்கும் நடுவே அகலம் எடுத்தேன். அதுவும் சரி. பாய் இரண்டு கையையும் மேலே தூக்கிவிட்டார். "சார், அம்மாவோட வண்டிதான் ஒரிஜினல் அளவு. என்னுதுதான் டூப்ளிகேட்! எழுதிக்குங்க!"

"இன்னா சார், இன்னும் கோழி பக்கத்துலதானா?" என்றாள் மருமகள். பழைய குரல் அவளுக்குத் திரும்பிவிட்டது. கேட்டுக்கு வெளியே போனவர்கள்கூட நின்று பார்த்தார்கள்.

செயலாளர் சிரித்தார். பிறகு உள்ளே போய் ஒரு கண்ணாடிப் பெட்டியோடு வந்தார். அதற்குள்ளும் அதே சாம்பல் டிராக்டர்தான். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தது. பெட்டியின் மேல் 1:32 என்று பெரிதாகப் போட்டு, உள்ளே சான்றிதழ்கூட வைத்திருந்தார்கள். நடுமேஜையின் நட்டநடுவில் நின்றது அதுதான்.

"இதையும் ஒரு தடவை அளந்துடுங்கம்மா" என்றார்.

அந்த மூன்று நூலையும் அதன் மேல் வைத்தேன். நீளம் சரி. அகலம் சரி. பின்சக்கரத்தில் நூல் மேல்விளிம்பை எட்டாமல் நின்றுவிட்டது. வேறு நாளாயிருந்தால் குண்டூசி வைத்த வாய்போல மூடிக்கொண்டிருப்பேன்.

"சார், பின்சக்கரம் ஒரு சைஸ் பெருசு."

கப்பல்காரர்கள் பக்கத்திலிருந்து யாரோ விசில் அடித்தார்கள். செயலாளர் பூதக்கண்ணாடியை எடுத்து, நூலை வைத்து, தானே ஒருமுறை பார்த்தார். இன்னொருமுறை பார்த்தார். "பதினஞ்சு வருஷமா வெச்சிருக்கேன்" என்றார். அப்புறம் அவருக்கே சிரிப்பு வந்து தோள் குலுங்கியது.

உள்ளே போனபோது மருமகள் பத்தையும் மறுபடி பிரித்து நடுமேஜையில் ஜாக்கெட் பிட்களின் மேல் வரிசையாக நிறுத்தினாள். செயலாளர் தன் கண்ணாடிப் பெட்டியை ஓரமாக நகர்த்தி நடுவில் இடம் விட்டார். ஒரு அட்டையை எடுத்து, பேனாவைத் திறந்து, "அளவுன்னு என்ன எழுதட்டும்?" என்று கேட்டார். நான் பேனாவை வாங்கி நானே எழுதினேன். என் எழுத்து கோணல்மாணல்தான். 'அரைவீசம்' என்று எழுதினேன். அவர் அதற்குக் கீழே சின்னதாக 1:32 என்று போட்டுக்கொண்டார்.

சாயங்காலம் வரை என்னைச் சுற்றிக் கூட்டம் குறையவில்லை. ஒருவர் ரயில் பெட்டியைக் கொண்டுவந்து, "அம்மா, இது எண்பத்தேழுல ஒண்ணு, மடிக்க வருமா?" என்று கேட்டார். வராது என்று முகத்துக்கு நேரே சொன்னேன். எல்லோருக்கும் பதில் சொன்னேன். ஒருவருக்குக்கூடத் தலையை ஆட்டி அனுப்பவில்லை.

அதெல்லாம் அப்புறம். அதற்கு முன்னால், போர்ட்டிகோவிலிருந்து சாம்பலை உள்ளே கொண்டுபோக வேண்டிய நேரத்தில், அதை எடுக்க நான் கை நீட்டினேன். "நான் எடுத்துட்டு வரேம்மா" என்று செயலாளர் முந்திக்கொண்டு ஒரு கையால் தூக்கினார்.

"சார், ரெண்டு கையாலயும் புடிங்க" என்றேன். அத்தனை பேருக்கும் கேட்கும்படிதான் சொன்னேன்.

அவர் ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடந்தார். கூட்டம் வழிவிட்டது.