ஓரங்கட்டிய வண்டியும் ஒன்பதாம் பக்கமும்

“இடிச்சவன் போயிருவான், இடிபட்டவன் எழுதிக் குடுத்துட்டே இருக்கோணும்” என்பார் எங்கள் கோத்தகிரி மெக்கானிக். பிறர் வாயிலிருந்து விழும் இப்படிப்பட்ட சொற்களைப் பொறுக்கிச் சேர்ப்பதுதான், எட்டாவதோடு நின்றுபோன எனக்கு நானே போட்டுக்கொண்ட மேல்படிப்பு. இந்தச் சொல் என் தலையிலேயே வந்து விடியும் என்று நினைக்கவில்லை.

போன கோடை சீசன். மனைவிக்கு முழங்கால் அறுவை முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் குன்னூருக்குப் போய் பிசியோதெரபி செய்தாக வேண்டும். விட்டால் முட்டி இறுகிப்போகும் என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். பஸ் படியில் அவளால் ஏற முடியாது. சீசனில் டாக்சிக்காரர்கள் எல்லோரும் ஊர் சுற்றிக் காட்டப் போய்விடுவார்கள். ஆகவே எங்கள் பழைய காரின் பின்சீட்டில் தலையணை வைத்துக் காலை நீட்டவிட்டு, நானே அழைத்துப் போய்க்கொண்டிருந்தேன்.

அப்படித் திரும்பி வரும்போதுதான், ஓர் ஏற்ற வளைவில், எதிரே இறங்கிய வெளியூர்க் கார் எங்கள் வலது முன்பக்கத்தில் மோதியது. மலையில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிறவன் நின்று வழிவிட வேண்டும். இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்தது, அந்த ஆளுக்குத் தெரியவில்லை. “சாரி” என்றார், நான்கு தடவை. நல்லவேளை, அவளுக்கு அடி இல்லை. அதற்குள் எனக்குப் பின்னால் பஸ் வந்து நின்றுவிட்டது. நான் படம் எடுக்கப் போனை எடுத்தேன். கண்டக்டர் இறங்கி வந்தார்.

“ஏனுங்க, கல்யாணப் போட்டோவுங்களா? மொதல்ல வண்டிய ஓரங்கட்டுங்க. உள்ள நாப்பது பேரு நிக்கறாங்க.”

மலை ரோட்டில் அதுதான் சட்டம். வழி முதலில், மற்றதெல்லாம் பிறகு. பத்துப் பேர் இறங்கினார்கள். நசுங்கிய மட்கார்டு டயரைக் கவ்விப் பிடித்திருந்தது. பஸ்ஸிலிருந்து ஓர் இரும்புக் கம்பி வந்தது. ஒருவர் நெம்பினார், மற்றவர்கள் தள்ளினார்கள். “பாத்துப் போங்க அக்கா” என்று அவளிடம் சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார்கள். அந்தக் கூட்டத்தில் எதிர்க்காரும் நழுவிவிட்டது. ஊர்ந்து ஊர்ந்து வீடு வந்து சேர்ந்தோம்; அதற்குமேல் அந்த வண்டியை மலையில் இறக்க முடியாது.

மறுநாள் இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன் செய்தேன். ஒரு பெண் பேசினாள்.

“வண்டிய கோயமுத்தூர்ல எங்க நெட்வொர்க் கேரேஜுக்கு அனுப்பிடுங்க சார். வேற எங்கயும் செய்யக்கூடாது.”

“எத்தன நாளாகுமுங்க?”

“மூணு வாரம் ஆகலாம் சார்.”

“இங்க எங்க மெக்கானிக்கு நாலு நாள்ல முடிச்சுருவாருங்க.”

“பாலிசி அலோ பண்ணாது சார்.”

மூன்று வாரம்! முட்டியிடம் போய் யார் சொல்வது, கொஞ்சம் பொறுத்துக்கொள் என்று? மெக்கானிக்கிடம் போனேன். அவர் ஸ்பானரைக் கீழே வைத்தார்.

“கீழ கோயமுத்தூர்ல இருக்கறவனுக்கு பிரேக்குன்னா நிக்கறதுங்க. நமக்கு பிரேக்குன்னா எறங்கறது. அவன் சமதளத்துல ஓட்டிப் பாத்து ஓகே போட்டுருவான். எறங்கறது நீங்களும் அக்காவுந்தானுங்க.”

அன்று சாயந்திரம் பூதக்கண்ணாடியோடு பாலிசிப் புத்தகத்தில் உட்கார்ந்தேன். பேப்பர் படித்து நானாகப் பழகிய இங்கிலீஷ், மெதுவாகத்தான் ஓடும். ஒன்பதாம் பக்கத்தில் இருந்தது. சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் பார்த்த பிறகு எந்தப் பட்டறையிலும் சரிசெய்துகொள்ளலாம். அவர்கள் கேரேஜ் என்றால் பணத்தை அவர்களே நேராகக் கட்டுவார்கள். வெளியே என்றால் நாம் கட்டிவிட்டு, பில் காட்டி வாங்கிக்கொள்ள வேண்டும். வித்தியாசம் அவ்வளவுதான்! சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பார்கள். இந்தப் பூசாரி அந்த வரத்தைப் படித்துக்கூடப் பார்க்கவில்லை.

பக்க எண்ணைச் சொல்லி மறுபடி போன் செய்தேன். “சர்வேயர அனுப்பறோம் சார்” என்றாள் அந்தப் பெண்.

அவர் வருவதற்கு இன்னும் மூன்று நாள். வந்தவர் நேராக மட்கார்டில் இருந்த கம்பித் தழும்பில் விரலை வைத்தார்.

“சர்வேக்கு முன்னாடியே வேலை பாத்திருக்கீங்க. கிளைம் நிக்காது சார்.”

“வேலை இல்லீங்க, நெம்புனது. பஸ்ஸு போகோணுமில்லீங்களா?”

“நகர்த்தறதுக்கு முன்னாடி எடுத்த போட்டோ இருக்கா?”

வாக்கரைப் பிடித்தபடி வாசலுக்கு வந்திருந்த மனைவி கேட்டாள்: “ஏனுங்க, உங்க ஊட்டுக்காரம்மா அந்த பஸ்ஸுல இருந்திருந்தா, போட்டோ எடுக்கச் சொல்லுவாங்களா, வண்டிய நவுத்தச் சொல்லுவாங்களா?”

அவர் சிரித்தார். ஆனால் தாளில் எழுதியதை அடிக்கவில்லை.

உதவி செய்த பத்துப் பேரின் கையையே குற்றமாக்குகிறார்களே! மறுநாள் காலை பஸ் ஸ்டாண்டில் நின்று அந்தக் கண்டக்டரைப் பிடித்து, அன்றைக்கு யாராவது போட்டோ எடுத்தார்களா என்று கேட்டேன்.

“போட்டோங்களா? நான் எடுத்தனுங்களே! லேட்டானதுக்கு டிப்போவுல காட்டோணுமில்லீங்க.”

அவர் போனில் எல்லாம் இருந்தது: குறுக்கே நின்ற எங்கள் கார், டயரைக் கவ்விய மட்கார்டு, எதிர்க்காரின் மூக்கு, கண்ணாடிக்குப் பின்னால் வெளிறிய என் மனைவியின் முகம்.

“என்னைய எடுக்க உடாம நீங்க மட்டும் எடுத்தீங்களாக்கும்?”

“என்னுது டூட்டிங்க. உங்குளுது பாலிசிதானுங்களே!”

அந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் சர்வேயர் கையெழுத்துப் போட்டார். மெக்கானிக் சொன்னபடி நாலாம் நாள் சாவியைக் கொடுத்தார். ஆனால் மோதிய நாளிலிருந்து பன்னிரண்டு நாள் போயிருந்தது. ஆறு தடவை சிகிச்சை தவறியிருந்தது. குன்னூரில் காலை மடக்கியபோது அவள் போட்ட சத்தம் வராந்தாவில் இருந்த எனக்குக் கேட்டது. “மொதல்ல இருந்து ஆரம்பிக்கணுங்க” என்றார் அந்த பிசியோதெரபிஸ்ட். வண்டி நெளிந்ததற்குப் பில் உண்டு. அந்தச் சத்தத்துக்கு எந்தப் பக்கத்தில் இடம் இருக்கிறது?

சென்ற வாரம் ஏஜென்ட் போன் செய்தார், பாலிசியைப் புதுப்பிக்கலாமா என்று. ஒன்பதாம் பக்கத்தை எடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். தட்டுத்தடுமாறிப் படித்தார்.

“சார், இப்படி ஒண்ணு இருக்கறது எனக்கே இப்பத்தானுங்க தெரியுது.”

உள்ளே முட்டியை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தவள் பல்லைக் கடித்தபடியே குரல் கொடுத்தாள்:

“இன்னொருக்கா படிக்கச் சொல்லுங்க.”