மதிலுக்குப் பின்னால் காலி மனை

திருவொற்றியூரில் பெயின்ட் தின்னர் மாதிரி சால்வென்ட்கள் வைக்கும் ஒரு கிடங்கில் பாதுகாப்பு அதிகாரியாக நான் சேர்ந்தபோது, வருடாந்திர ரிப்போர்ட்டுக்குக் கடைசி தேதி நெருங்கியிருந்தது. என்ன ஆபத்தான கெமிக்கல், எவ்வளவு, எங்கே, சுற்றிலும் யார் குடியிருக்கிறார்கள் என்று அத்தனையும் அரசுக்குச் சொல்ல வேண்டும். ஓனர் அண்ணாச்சி போன வருட ஃபைலை மேஜையில் போட்டார்.

"தேதிய மட்டும் மாத்துங்கம்மா. சரக்கெல்லாம் அதேதான்."

கையெழுத்துப் போடப்போவது நானாயிற்றே. நாற்காலியில் உட்காரவே முடியவில்லை. கிடங்கின் பின்பக்கம் 'காலி மனை' என்று ஃபைலில் எழுதியிருந்தது. யார்டின் கோடிக்குப் போனேன். மதிலை ஒட்டித் தின்னர் டிரம்கள். அந்தப் பக்கமிருந்து எண்ணெய் கொதிக்கும் வாசனை.

தெருவைச் சுற்றிக்கொண்டு ஓடினேன். மதிலோரம் வரிசையாகத் தகரக் கூரை வீடுகள். கன்னியம்மா என்ற பெண் விறகடுப்பில் வடை சுட்டுக்கொண்டிருந்தார். அடுப்புக்குப் பக்கத்திலேயே எங்கள் யார்டின் மழைத்தண்ணீர் வெளியே வரும் ஓட்டை. தின்னர் ஆவி எளிதில் தீப்பற்றும், காற்றைவிடக் கனம். டிரம் கசிந்தால் அது மேலே போகாது. தரையோடு ஊர்ந்து அந்த ஓட்டை வழியாக நேரே அடுப்புக்கு வரும்.

"அக்கா, மொதல்ல அடுப்ப அணைங்க."

"இன்னாத்துக்கு?"

சொன்னேன். சட்டென்று சொம்புத் தண்ணீரை விறகில் ஊற்றினார். பிறகு என்னை முறைத்தார்.

"அப்பப்ப நாத்தம் வரும், தலை சுத்தும். வெயிலுன்னு நெனச்சிகினு கீறேன். உள்ள இன்னா வெச்சிகீறீங்கன்னு ஒர்த்தராச்சும் சொன்னீங்களா?"

டிரம்களை உடனே மாற்ற வேண்டும் என்று அங்கிருந்தே அண்ணாச்சிக்கு போன் செய்தேன்.

"இப்ப லோடு வருது. டிரம்ம எங்க கொண்டு வைக்கச் சொல்லுதீங்க?"

"இங்க வந்து நின்னு பாத்துட்டுச் சொல்லுங்க அண்ணாச்சி."

வந்தார். ஓட்டையருகே குனிந்தவர், மூக்கைப் பொத்திக்கொண்டு நிமிர்ந்தார். லாரியைத் திருப்பி அனுப்பச் சொன்னார். அன்றைக்கே ஃபோர்க்லிஃப்ட் வைத்து டிரம்களை எதிர்க்கோடி ஷெட்டுக்கு மாற்றினோம். அதில் ஒரு டிரம் ஏற்கெனவே கசிந்துகொண்டிருந்தது; அதைத் தனியே பிரித்தோம். ஓட்டையை அடைத்து, மழைத்தண்ணீரை வேறு பக்கம் திருப்பினோம். அதெல்லாம் முடியும்வரை அந்த வரிசையில் யாரும் அடுப்பு மூட்டவில்லை. ஆளாளுக்கு என்னைத் திட்டினார்கள்.

ரிப்போர்ட்டில் 'குடியிருப்பு, திறந்த அடுப்புகள் உண்டு' என்று திருத்திவிட்டு, கன்னியம்மாவிடம் போய்ச் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

"கவர்மென்ட்டுக்கு எய்துறது இருக்கட்டும். அவங்களா இங்க படுத்துத் தூங்குறாங்க? எங்களுக்கு மொதல்ல சொல்லு."

அதிலிருந்து எந்தக் கம்பெனியில் இருந்தாலும், ரிப்போர்ட் அனுப்புவதற்கு முன்னால் மதிலைச் சுற்றி வருகிறேன். ஒவ்வொரு கதவாகத் தட்டி, உள்ளே என்ன இருக்கிறது, நாற்றம் வந்தால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று சொல்கிறேன். சிலர் பயப்படுகிறார்கள், சிலர் சண்டைக்கு வருகிறார்கள். வரட்டும். தெரிந்துகொண்டு என்னோடு சண்டை போடுவது அவர்கள் உரிமை.