சட்டை போட்டு வரைந்த முகங்கள்

அந்தத் தபால் அட்டையில் இருந்தவருக்குக் கன்னங்கள் நிறைந்திருந்தன. படிய வாரிய தலை, முறுக்கிய மீசை, காதில் கடுக்கன், காலர் வைத்த சட்டை, மார்பின் குறுக்கே மடக்கிய கையில் ஒரு வாட்ச். எல்லாம் பென்சிலால் வரைந்தது. திருப்பினால் ஜப்பானிய எழுத்தில் இரண்டு வரி, விலாசத்துக்கு விட்டிருந்த வெற்றிடம், மழையில் ஊறிக் காய்ந்த பழுப்புக் கறை. ஓரத்தில் சிறிய எழுத்தில் ஒரு பெயரும் துறையூர்ப் பக்கத்துக் கிராமத்தின் பெயரும். முதன்முதலில் அதைப் பார்த்தபோது யாரோ மாப்பிள்ளைக்கு எடுத்த போட்டோவைப் பார்த்து வரைந்தது என்றுதான் நினைத்தேன். அந்த மனிதர் சயாமில் ஒரு கொட்டகைக்குள், மூங்கில் தட்டியின்மேல் படுத்தபடி செத்துக்கொண்டிருந்தபோது வரைந்தது என்று டிராயிங் மாஸ்டர் சொன்னார்.

ஐம்பதுகளின் நடுவில் திருச்சியில் ஒரு பெண்கள் பள்ளியில் சரித்திர ஆசிரியையாகச் சேர்ந்திருந்தேன். அங்கே டிராயிங் சொல்லிக்கொடுத்த மாஸ்டர் தினமும் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் வருவார். யுத்தத்துக்கு முன் மலாயாவில் ரப்பர்த் தோட்டத்துக் குமாஸ்தா. இப்போது தாய்லாந்து என்கிற சயாமில் ஜப்பான்காரன் ரயில் பாதை போட்டபோது தோட்டக் கூலிகளோடு அவரையும் அள்ளிக்கொண்டு போனான். எழுதப் படிக்கத் தெரிந்ததால் நோயாளிகளின் கொட்டகையில் வைத்தார்கள். வெள்ளைக்காரக் கைதிகளுக்கென்று வந்த தபால் அட்டைக் கட்டு ஒன்று மழையில் நனைந்து குப்பைக்குப் போனது. இவர் எடுத்து உலர்த்தி வைத்துக்கொண்டார். அதில்தான் அந்த ஆட்களை வரைந்தார்.

இப்போது இருக்கிற மாதிரி வேண்டாம் என்று ஒவ்வொருவரும் கேட்டுக்கொண்டார்களாம். எலும்பு துருத்திய நெஞ்சுக்குச் சட்டை போடச் சொன்னார்கள். ஊரில் விற்றுவிட்டுக் கப்பலேறிய கடுக்கனைத் திரும்பக் காதில் மாட்டச் சொன்னார்கள். வாழ்நாளில் கட்டியிராத வாட்சைக் கட்டச் சொன்னார்கள். வீட்டுக்குப் போகிற படம், பார்த்தவர்கள் பயந்துவிடக் கூடாது. “சாகப்போறவன் கேக்கறான். மாட்டேன்னா சொல்ல முடியும்?” என்றார் மாஸ்டர். ஆனால் அங்கிருந்து எந்தத் தபாலும் போகவில்லை. யுத்தம் முடிந்து ஊர் திரும்பியபோது அட்டைகளைத் துணி மூட்டைக்குள் வைத்து அவரே கொண்டுவந்தார். அட்டையில் இருந்தவர்களில் ஒருவர்கூடத் திரும்பவில்லை.

செத்த தமிழர்களின் பெயரை அங்கே எவனும் எழுதி வைக்கவில்லை என்று அவர் சொன்னது என்னை விடாமல் உறுத்தியது. இந்த அட்டைகளைத் தவிர அவர்களுக்கு வேறென்ன சாட்சி? எனக்குப் பாடம் நடத்திய கல்லூரிப் பேராசிரியரிடம் இருவருமாகக் கொண்டுபோனோம். நல்ல மனிதர், ஒவ்வொன்றாக நிதானமாகப் பார்த்தார். இவர்களைப் பார்த்தால் பட்டினியிலும் காலராவிலும் செத்தவர்கள் என்று யார் நம்புவார்கள் என்று கேட்டார். அவர்கள் அங்கே இருந்தபடியே வரைந்தது ஒன்றாவது உண்டா என்றார். ஒன்றும் இல்லை. மாஸ்டர் அட்டைகளை அடுக்கி நூலால் கட்டிக்கொண்டார்.

அப்புறம்தான் அந்தந்தக் குடும்பத்திடமாவது சேர்த்துவிடலாம் என்று முடிவு செய்தார். துறையூர்ச் சந்தைக்குப் போய்வருகிற ஒருவர் மூலம் சொல்லியனுப்பினார். ஒரு மத்தியானம், கடுக்கன்காரரின் மனைவி பள்ளிக்கே வந்துவிட்டாள். முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். வெயிலில் கறுத்த முகம். தனியாகச் சொல்லத் தைரியமில்லாமல் மாஸ்டர் என்னையும் டிராயிங் அறையில் இருக்கச் சொன்னார். அவள் அட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். “அவருதான்” என்றாள். முகம் ஒரு கணம் மலர்ந்து, பிறகு இறுகியது.

மாஸ்டர் நடந்ததைச் சொன்னார். கொட்டகை, பேதி, மழை. “என் மடியிலதாம்மா உசிரு போச்சு.”

அவள் அழவில்லை. “செத்துப்போனவரு சட்டை போட்டு வாட்ச் கட்டிக்கிட்டு இருப்பாருங்களா?” என்று கேட்டாள். “போறப்ப கடுக்கனை வித்துட்டுத்தான் போனாரு. அங்க மறுபடி வாங்கிப் போட்டிருக்காரு. எவளையோ சேத்துக்கிட்டாரு. அதச் சொல்ல உங்களுக்கு வாய் வரல.”

கேட்டதால்தான் அப்படி வரைந்தேன் என்று அவர் மறுபடி மறுபடி சொன்னார். நானும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். கடைசியில் அட்டையை முந்தானையில் முடிந்துகொண்டு, வரேங்க என்று எழுந்து போனாள்.

மறுநாளிலிருந்து மாஸ்டர் மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டு வரைய உட்கார்ந்தார். உண்மையான முகங்களை வரைந்துவிட்டால் யாரும் மறுக்க முடியாதல்லவா? ஒட்டிய கன்னம், குழிந்த கண் என்று தொடங்குவார், பாதியில் கிழித்துப்போடுவார். பல வாரம் இப்படியே போனது. ஒருநாள் என் மேஜைக்கு வந்து நின்றார். “நெஜ முகம் வரமாட்டேங்குது டீச்சர். கண்ண மூடினா நான் போட்ட முகம்தான் வருது. அவங்க எப்படி இருந்தாங்கன்னு எனக்கே மறந்துபோச்சு.” அவர்களைக் கடைசியாகப் பார்த்த கண்கள் அவருடையவை மட்டும்தான். அந்தக் கண்களிலிருந்தும் அவர்கள் போய்விட்டார்கள். வேறு எந்த ஊருக்கும் அதற்குப் பிறகு அவர் ஆளனுப்பவில்லை.

அறுபதுகளில் கடுக்கன்காரரின் மனைவி மறுபடியும் வந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. நெற்றியில் பெரிய குங்குமம், தாலிக் கயிற்றில் புது மஞ்சள். மகனுக்குக் கல்யாணம் என்று பத்திரிகையை நீட்டினாள்.

“அவரு இருக்கிற விலாசம் எழுதிக் குடுங்க சார். வரமாட்டாரு, தெரியும். இருந்தாலும் தகப்பனுக்குச் சொல்லாம பண்ணலாங்களா?”

மாஸ்டர் அவளுடைய நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தார். முன்பு சொன்னதைத் திரும்பச் சொல்வார் என்று காத்திருந்தேன். “குடுங்கம்மா, நானே அனுப்பிடறேன்” என்றார். அவள் கைகூப்பிவிட்டுப் போனாள். அன்று மாலை வகுப்பை அவர் எடுக்கவில்லை.

மாஸ்டர் போய்ப் பல வருஷமாகிறது. மிச்ச அட்டைகளை அவருடைய தங்கை என்னிடம் கொடுத்துவிட்டாள். வீட்டுக்கு வருகிறவர்கள் எடுத்துப் பார்த்துவிட்டு, யார் இவர்கள், வசதியானவர்கள் போலிருக்கிறதே என்கிறார்கள். முதலில் எல்லாம் விளக்கிச் சொல்வேன், இப்போது சொல்வதில்லை. அட்டைகளுக்கு அடியில் அந்தக் கல்யாணப் பத்திரிகையும் இருக்கிறது. மூலைகளில் தடவிய மஞ்சள் வெளுத்துவிட்டது. அழைப்பவர் இடத்தில் கடுக்கன்காரரின் பெயர். முன்னால் ‘காலஞ்சென்ற’ என்ற சொல் இல்லை. எனக்குத் தெரிந்து அவர் பெயர் அச்சில் ஏறிய காகிதம் அது ஒன்றுதான். அதில் அவர் உயிரோடு நின்று, சுற்றமும் நட்பும் சூழ வரும்படி எல்லோரையும் அழைக்கிறார்.