உள்வேலி நாலு மீட்டர் நகர்ந்த நாள்

என் பொண்டாட்டியோட அண்ணன் ஒரு கடிகாரப் பைத்தியம். ரேஸ் மைதானத்துல இருபத்திரண்டு வருஷமா ஒரே தூணுக்குப் பக்கத்துல நின்னு, கழுத்துல ரெண்டு ஸ்டாப்வாட்ச்சை மாட்டிக்கிட்டு, வாரப் பத்திரிகைக்காகக் குதிரைகளுக்கு மார்க் போடுறவர். ஒவ்வொரு தூரத்துக்கும் ஒரு நிர்ணய நேரம் வச்சிருப்பார். அதைவிட வேகமா வந்தா மார்க் ஏறும், மெதுவா வந்தா இறங்கும். மழையில தரை ஊறிப்போனா அதுக்கும் ஒரு கழிவு. இத்தனை வருஷத்துல போட்ட மார்க்கை ஒரு தடவைகூட மாத்தினதில்லைன்னு, கேக்காதவங்ககிட்டயும் பீத்திக்குவார். அவர் மூஞ்சியைப் பார்த்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

நான் லாயத்துல குதிரைக்காரன். நாலு வருஷமா நான் தேய்ச்சுக் குளிப்பாட்டின பெண் குதிரைக்கு வாயாடின்னு பேர் வச்சிருந்தேன். என் செருப்புச் சத்தம் கேட்டாலே கனைக்க ஆரம்பிச்சிடுவா. கால் வீங்கி ஒரு வருஷம் நின்னவ, போன மாசம் ரெண்டாயிரம் மீட்டர்ல ஜெயிச்சுக் காட்டினா. மச்சான் போட்ட மார்க் நாப்பத்தி நாலு. அம்பதுக்குக் கீழ வந்தா முதலாளி குதிரையை வச்சுக்க மாட்டார். கூட ஓடினதெல்லாம் சோப்ளாங்கி, அதான் இவ ஜெயிச்சான்னு சொல்லி, புதன்கிழமை செங்கல் சூளைக்கு அனுப்பச் சொல்லிட்டார். அங்க வித்த குதிரை திரும்பி வராது, பாரம் இழுத்து ஒரு வருஷம் தாங்காது.

ஞாயித்துக்கிழமை பொண்டாட்டியைக் கூட்டிக்கிட்டு மச்சான் வீட்டுக்கே போனேன். வாயாடி ஜெயிச்ச அன்னிக்கு, வளைவுல புல் தேஞ்சுபோச்சுன்னு உள்வேலியை நாலு மீட்டர் வெளிய தள்ளி வச்சிருந்தாங்க. வளைவைச் சுத்தி வர்ற குதிரை பன்னண்டு மீட்டர் கூடுதலா ஓடணும். அன்னிக்கு வளைவு சுத்தினது எங்க ரேஸ் ஒண்ணுதான், மத்ததெல்லாம் நேர்ப்பாதை. பழைய நிர்ணய நேரத்தை வச்சு அளந்தா அவ மெதுவாத்தான் தெரிவா. இவர் நிக்கிற தூண்ல இருந்து அந்த வளைவு கண்ணுக்கே தெரியாது. எல்லாத்தையும் பொறுமையாத்தான் சொன்னேன்.

மனுஷன் சாப்பாட்டுத் தட்டுல இருந்து தலையைத் தூக்கல.

"நீங்க சாணி அள்ளுற வேலையைப் பாருங்க மாப்பிள்ளை. கணக்கை நான் பாத்துக்கறேன்."

வாய்க்கு வந்தபடி திட்டிட்டு எழுந்து வந்துட்டேன். வழி பூரா பொண்டாட்டி என்னைத்தான் முறைச்சா. முதலாளிகிட்ட கெஞ்சினதுக்கு, கடிகாரக்காரர் மார்க்கை மாத்தட்டும், அப்புறம் பாக்கலாம்னுட்டார்.

புதன்கிழமை காலையில லாரி வந்துச்சு. ஏற மாட்டேன்னு வாயாடி முரண்டு பிடிச்சா. நான்தான் கழுத்தைத் தடவிக் கொடுத்து ஏத்திவிட்டேன். என்னை நம்பி ஏறினா. நான் ஒரு பாவி.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மச்சான் எங்க வீட்டுக்கு வந்து ஒரு தாளை நீட்டினார். அம்பத்திரண்டுன்னு எழுதியிருந்துச்சு. மைதானத்து ஆளோட போய், வேலி அன்னிக்கு நின்ன இடத்தை டேப் பிடிச்சு அளந்தாராம், நான் சொன்னது சரிதானாம். பத்திரிகைக்கு மட்டும் இது தெரிய வேண்டாம்னு குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"என்னிக்கு அளந்தீங்க?"ன்னேன்.

"திங்கக்கிழமை."

தாளைக் கசக்கி அவர் சட்டைப் பையிலயே திணிச்சு, இனிமே இந்த வாசப்படியை மிதிக்காதீங்கன்னு சொன்னேன். என் பொண்டாட்டி எழுந்து போய், அவ அண்ணன் வெளிய போறதுக்குக் கதவைத் திறந்து பிடிச்சா.