யார் பிள்ளை என்று சொல்லாத செட்

1. பேசக்கூடாத செட்

எண்பதுகளின் தொடக்கத்தில், ரிங்லெட் ஊருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் கணக்கெழுதும் ஆபீஸ் கிராணி. வாக்கி-டாக்கி செட்டுகள் வந்தபோது அவற்றின் பொறுப்பும் என் தலையில் விழுந்தது. ஆபீசில் ஒன்று, கொழுந்து லோரியில் ஒன்று, மலையில் வேலை வாங்கும் மண்டோரிடம் ஒன்று. தாய்மார் கொழுந்து பறிக்கப் போனபின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் ஒன்று.

முதல் நாளே ஆயா அஞ்சலை பட்டனை அழுத்தினார்.

"ஏ ராசாத்தி, ஒம்மவன் பாலுக்குக் கத்துறான். எறங்கி வாடி!"

தோட்டத்தை நிர்வகிக்கும் துரை என் பக்கத்தில் நின்றிருந்தார். "கிராணி, இது என்ன பசாரா, சந்தைக் கடையா? ஸ்டாஃப் மட்டும்தான் பேசணும். சொல்லி வை லா."

சொன்னேன். அஞ்சலை பேச்சை நிறுத்தினார், பட்டனை நிறுத்தவில்லை. பேசாமல் அழுத்தி விட்டாலே மற்ற செட்டுகளில் 'கிச்' என்று கேட்கும். இரண்டு கிச் என்றால் பால் நேரம். மூன்று என்றால் ஒரு பிள்ளைக்கு உடம்பு சரியில்லை. மண்டோர் செட்டின் சத்தம் கேட்கும் தூரத்தில் கொழுந்து பறித்த பெண்கள் தாங்களே பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு இது.

"செட்டு ஏன் இப்படித் தும்முது?" என்று துரை கேட்டார்.

"மழைக் காத்துங்க" என்றேன்.

2. மூன்று கிச்

ஒரு நாள் காலை மூன்று கிச் கேட்டது. உடனே மறுபடி மூன்று. ஜன்னல் வழியே பார்த்தேன். கூடைகளைப் போட்டுவிட்டுச் சரிவு முழுக்கப் பெண்கள் ஓடி இறங்கினார்கள். யார் பிள்ளை என்று கிச் சொல்லாது.

என் மகளும் ஆயாக்கொட்டகையில்தான் இருந்தாள். எழுந்தேன். ஆபீசில் வேறு ஆள் இல்லை. நானும் ஓடிவிட்டால் லோரியை யார் கூப்பிடுவது? உட்கார்ந்தேன்.

"லோரி, லோரி, ஆபீஸ் கூப்பிடுது."

பதில் இல்லை. டிரைவர் முனியாண்டியின் மகனும் அங்கேதான். அவரும் லோரியை விட்டுவிட்டு ஓடியிருந்தார். மண்டோரைக் கூப்பிட்டேன்; அவரும் எடுக்கவில்லை.

அப்போது அஞ்சலை தடையை மீறிப் பேசினார்.

"ஐயா, உங்க பாப்பாதான். வலிப்பு வந்துருச்சு, கண்ணு சொருகுது. லோரிய அனுப்புங்கய்யா!"

"முனியாண்டி அங்க வந்தாரா?"

"இந்தக் கூட்டத்துல யாரைன்னு தேடுவேன்? ஆளாளுக்கு அவங்கவங்க புள்ளையத் தூக்கிக்கிட்டு அழுவுறாங்க!"

"செட்டத் தூக்கிப் புடிங்கம்மா. நான் கத்துறேன்."

கத்தினேன். "முனியாண்டி! உன் மவனுக்கு ஒண்ணும் இல்ல. என் மவளுக்குத்தான். லோரிய எடுப்பா!"

கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். பிறகு ஓர் ஆண் குரல்: "தோ ஓடுறேன்யா!"

அவர் மேடேறி ஓடி லோரியை எடுத்து, என் மகளை ஏற்றிக்கொண்டு ஆபீஸ் வாசலுக்கு வந்தார். ஆஸ்பத்திரிவரை மகளை மடியில் வைத்துக்கொண்டு அவள் மூச்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். காய்ச்சல் வலிப்பு என்றார்கள். பிழைத்தாள்.

3. பெயர்

மறுவாரம் அஞ்சலை பெண்களோடு ஆபீசுக்கு வந்தார். "எங்கள வாயத் தொறந்து பேச விடுங்க தொரை. புள்ள பேரைச் சொல்லணும்."

"பேரைக் கேட்டா அந்தத் தாய் வழியிலேயே விழுந்துடுவா" என்றார் துரை.

"சொல்லலன்னா எல்லாத் தாயும் விழுவா தொரை."

துரை என்னைப் பார்த்தார். பிறகு சரி என்று தலையாட்டினார்.

அன்றிலிருந்து முதலில் பிள்ளையின் பெயர், பிறகுதான் சேதி. வேறு தோட்டங்களில் செட் வைக்கப்போகும் இளையவர்களுக்கு ஒன்று சொல்வேன். பேசாதே என்று சட்டம் போடுமுன், அங்கே வேலை செய்பவர்களுக்கு என்ன பேச வேண்டியிருக்கிறது என்று கேளுங்கள்.

பிறகு என் மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கினாள். ஆனாலும் ஆயாக்கொட்டகை செட் உயிர்பெற்றதும், பெயர் காதில் விழும்வரை உள்ள அந்த ஒரு மூச்சு நேரம் எனக்குக் கடைசிவரை பழகவில்லை.