அப்பாவுக்கு நான் போட்ட பாஸ் மார்க்

அப்பா வரைந்த கடிகாரம் ஒன்று என் கோப்பில் இருக்கிறது. பாதியாகக் கிழித்த வெள்ளைத்தாள். வட்டம் நன்றாகவே வந்திருக்கிறது, அவருக்குக் கை நடுங்கியதே கிடையாது. பன்னிரண்டு எண்களும் அந்தந்த இடத்தில் இருக்கின்றன. முள்தான் தப்பு. மணி பதினொன்று பத்து காட்டச் சொன்னேன். ஒரு முள்ளைப் பதினொன்றிலும் இன்னொன்றைப் பத்திலும் நிறுத்திவிட்டு, பேனாவை மூடி என் முகத்தைப் பார்த்தார். மணி பார்த்தே இருபத்தெட்டு வருஷம் சம்பளம் வாங்கிய மனிதர்.

அப்பா ரயில்வே கேட் கீப்பர். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில், விக்கிரவாண்டி தாண்டி, வயல்களுக்கிடையே ஒரு சின்ன ரோடு தண்டவாளத்தைக் கடக்கும் இடத்தில் அவருடைய கேபின். தெற்கே போகிற வண்டிகள் எல்லாம் அந்த வழிதான். ஸ்டேஷன் மாஸ்டர் போனில் வண்டி வருவதைச் சொல்வார். அப்பா கேட்டை மூடிப் பூட்டுவார், ரிஜிஸ்டரில் நேரத்தை எழுதுவார், மூடியாயிற்று என்பதற்கு அடையாளமாக ஒரு ரகசிய எண்ணைப் போனில் சொல்வார். அந்த எண் போன பிறகுதான் வண்டிக்கு வழி. வண்டி போனதும் கேட்டைத் திறப்பார். அவ்வளவுதான் வேலை. கேட்பதற்கு ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். ஆனால் அந்த ரோட்டில் காலையில் ஒரு பள்ளிக்கூட வேன் போகும், எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டைகளை ஏற்றிய டிராக்டர்கள் போகும், நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள் கும்பலாகப் போவார்கள். அத்தனை பேருடைய உயிரும் ஒரு மனிதரின் ஞாபகத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. இதை நான் சின்ன வயதில் யோசித்ததே இல்லை. யோசிக்க வைத்தது என் படிப்புதான்.

நான் பல்கலைக்கழகத்தில் அறிதல் அறிவியல் படித்தேன். திண்டிவனத்திலிருந்து தினமும் பஸ். மனிதன் எப்படிக் கவனிக்கிறான், எப்படி நினைவில் வைக்கிறான், எங்கே தப்பு செய்கிறான் என்பதையெல்லாம் படிக்கிற படிப்பு என்று எத்தனை தடவை விளக்கினாலும் எங்கள் சொந்தக்காரர்களுக்கு ஏறவில்லை. "அப்ப பைத்தியத்துக்கு வைத்தியம் பாப்பியா?" என்று கேட்ட அத்தை, அதோடு நிற்காமல், அப்படியென்றால் முதலில் உங்க மாமாவைப் பார் என்றார். அம்மா அதற்கு மூளைப்படிப்பு என்று பெயர் வைத்துவிட்டாள். அப்பா மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. "நல்லா படிம்மா" என்பார், கேரியரை எடுத்துக்கொண்டு டியூட்டிக்குக் கிளம்பிவிடுவார்.

இரண்டாம் வருஷம் ஒரு பயிற்சி கொடுத்தார்கள். வகுப்பில் நாங்களே தமிழில் தயாரித்த ஞாபகசக்திச் சோதனை ஒன்றை ஐம்பது வயது கடந்த ஐந்து பேரிடம் செய்து பார்த்து வர வேண்டும். நாலு பேரைத் தெருவிலேயே பிடித்துவிட்டேன். ஐந்தாவது ஆள் ஊருக்குப் போய்விட்டார். சரி, வீட்டில்தான் ஒருத்தர் இருக்கிறாரே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பாவை உட்கார வைத்தேன். சட்டை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பரீட்சை என்றால் பரீட்சைதான் அவருக்கு.

ஐந்து வார்த்தைகள் சொன்னேன். சாவி, வெங்காயம், ஏணி, மஞ்சள், மாமியார். கடைசி வார்த்தைக்கு அப்பா சிரித்துவிட்டார். "மாமியார எப்படிம்மா மறக்க முடியும்? உங்க ஆயா என்ன படுத்துன பாடு கொஞ்சமா!" சமையலறையிலிருந்து அம்மா ஏதோ சத்தம் போட்டாள். நானும் சிரித்துக்கொண்டே கழித்தல் கணக்கு கொடுத்தேன், கடிகாரம் வரையச் சொன்னேன். பிறகு அந்த ஐந்து வார்த்தைகளைத் திரும்பக் கேட்டேன்.

அப்பா கூரையைப் பார்த்தார். "இன்னா வார்த்த?" என்றார். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் சொன்னேனே என்றேன். "வெங்காயம்" என்றார். நான் காத்திருந்தேன். துப்புக் கொடுக்கலாம், விதிமுறையில் அதற்கு இடம் உண்டு. "ஒரு சொந்தக்காரங்கப்பா" என்றேன். "சித்தப்பாவா?" என்றார். மாமியாரை மறந்துவிட்டார். சிரித்ததையே மறந்துவிட்டார்.

மார்க்கைக் கூட்டிப் பார்த்தேன். தெருவில் சோதித்த நாலு பேரில் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பாட்டியைவிடக் குறைவு. அப்பா குனிந்து தாளைப் பார்க்க முயன்றார். நான் நெஞ்சோடு வைத்து மறைத்துக்கொண்டேன்.

"இன்னாம்மா, பாஸா ஃபெயிலா?"

இது பாஸ், ஃபெயில் போடுகிற பரீட்சை இல்லை என்று அன்றைக்கு நான் சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்லத்தான் எங்களுக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். ஆனால் எங்கள் வீட்டில் மார்க் என்றால் இரண்டே வகைதான். பத்தாவதில் தவறிப்போய் ஓடி ஒளிந்த கதையை அவரே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். என் வாய் முந்திக்கொண்டது.

"பாஸுப்பா. சூப்பர் பாஸ்."

அப்பா பெருமூச்சு விட்டார். அது எவ்வளவு பெரிய மூச்சு என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. எழுந்துபோய் அம்மாவிடம், "உம் பொண்ணு டெஸ்டு வச்சா, பாஸாயிட்டேன்" என்றார். சாயங்காலம் டீக்கடையிலும் சொல்லியிருக்கிறார்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் எங்கள் பேராசிரியை மேடத்திடம் தாளைக் காட்டினேன். ஷிஃப்ட் வேலை, தூக்கமின்மை, மனக்கவலை, எதனால் வேண்டுமானாலும் மார்க் குறையலாம், ஒரு தாளை வைத்து நோய் என்று சொல்லிவிடக்கூடாது, டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ என்றார். "அப்பா என்ன வேலை பார்க்கிறார்?" என்று கேட்டார். "ரயில்வேல மேடம்" என்றேன். அதற்கு மேல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் சொல்லவில்லை. ரிடையர் ஆக இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. அந்த வேலையை விட்டால் அப்பா யார்? ஊரில் அவருக்கு 'கேட்டுக்காரர்' என்பதைத் தவிர வேறு பெயர் கிடையாது. என் ஒரு வார்த்தையால் அது போய்விடுமே என்ற பயம் ஒரு பக்கம், வேன் பிள்ளைகளின் முகம் ஒரு பக்கம். பேஜாரு பிடித்த நாட்கள்.

ஒரு முட்டாள்தனமான வழி கண்டுபிடித்தேன். காலை டியூட்டி நாட்களில் டிபன் கொடுக்கிற சாக்கில் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போய் கேட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வது. கேட்டால், பரீட்சைக்குப் படிக்கிறேன் என்பது. வகுப்புக்கு மட்டம். மடியில் கவனம் பற்றிய புத்தகம் விரிந்திருக்கும், கண் அப்பா கையில் இருக்கும். போன் அடித்தால் என் நெஞ்சும் அடித்துக்கொள்ளும். மூடினார், பூட்டினார், எழுதினார், எண் சொன்னார். வண்டி போனது. திறந்தார். வேன் பிள்ளைகள் டாட்டா காட்டிக்கொண்டு போனார்கள். அப்பாடா. அடுத்த போன் வரைக்கும் அந்த அப்பாடா தாங்கும்.

பத்தொன்பது நாள் இப்படி ஓடியது. பத்தொன்பதாவது நாள் காலை போன் வந்தது, அப்பா பேசிவிட்டு வைத்தார், கேட் அருகே போனார், கைப்பிடியில் கை வைத்தார். அப்படியே நின்றுவிட்டார். வேன் ஒரு பக்கம், டிராக்டர் ஒரு பக்கம். மூட வேண்டுமா, திறக்க வேண்டுமா என்று அவருக்குத் தெரியவில்லை. நான் எழுந்திருக்கவும் இல்லை, கூப்பிடவும் இல்லை. அவர் திரும்பி நடந்து கேபினுக்குள் போய் ரிஜிஸ்டரை விரல் வைத்துப் படித்தார். பிறகு வந்து மூடினார். எண் சொன்னார். வண்டி வந்தது, போனது. அவர் எண் சொல்லாமல் வண்டிக்கு வழி கிடைத்திருக்காது, ஒன்றும் ஆகியிருக்காது. ஆனாலும் நான் டிபன் பாக்ஸைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

டியூட்டி மாற்ற அடுத்த ஆள் வந்ததும் அப்பாவைக் கேட்டுக்குப் பக்கத்திலிருந்த புளியமரத்தடிக்குக் கூட்டிப்போய்ச் சொன்னேன். அன்றைக்கு நீ பாஸ் இல்லைப்பா என்றேன். திட்டுவார் என்று நினைத்தேன், இல்லையென்றால் நொறுங்கிப்போவார் என்று நினைத்தேன்.

"எப்பத்திலேர்ந்து தெரியும் உனக்கு?" என்றார்.

"அன்னிக்கே."

அப்பா கீழே உட்கார்ந்துவிட்டார்.

"ரெண்டு மாசமா பயந்துக்கினு இருந்தேம்மா. போன வச்சதும் யார் பேசுனதுன்னு மறந்துபூடுது. டாக்டராண்ட கேக்கவும் பயம், உங்கம்மாவாண்ட சொல்லவும் பயம். நீ டெஸ்டு வைக்கறன்னதும், சரி, நம்ம புள்ள படிச்ச புள்ள, உள்ளத உள்ளபடி சொல்லும்னுதான் சட்டய மாட்டிக்கினு வந்து உக்காந்தேன். நீ பாஸுன்ன. அத நம்பித்தான இத்தினி நாளும் அந்த வேன வுட்டுக்கினு இருந்தேன்?"

மறுநாள் அவர் கேட்டுக்குப் போகவில்லை. விழுப்புரத்துக்கு பஸ் ஏறி, அதிகாரியைப் பார்த்து, தன் வாயாலேயே சொன்னார். டாக்டர்கள் சோதித்தார்கள். மறதி நோயின் ஆரம்பம் என்றார்கள். மீதி இரண்டு வருஷமும் ஆபீஸில் ஃபைல் தூக்குகிற வேலை. அதைப் பற்றி அவர் ஒருநாளும் குறை சொன்னதில்லை. என்னிடம் பழையபடிதான் பேசினார், சிரித்தார். அந்த நாள் பேச்சை மட்டும் எடுத்ததில்லை.

எனக்கு இப்போது விழுப்புரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் இதே சோதனைகளைச் செய்கிற வேலை. வருகிறவர்கள் எல்லோரும் அதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். நான் யாருக்கும் பாஸ் போடுவதில்லை.

அப்பா திண்டிவனத்து வீட்டில் இருக்கிறார். எங்கள் பெயர்கள் சில நாள் இருக்கின்றன, சில நாள் இல்லை. மத்தியானம் தூங்கி எழுந்தால், "கேட்ட மூடிட்டனா?" என்று பதறுவார். எதிர்த்துப் பேசாதீர்கள், மூடிவிட்டீர்கள் என்று சொல்லிவிடுங்கள் என்பதுதான் டாக்டரின் யோசனை. நானும் இந்த வேலையில் இருப்பவள், மற்ற குடும்பங்களுக்கு அதையேதான் சொல்லி அனுப்புகிறேன். அம்மா, "எல்லாம் மூடிட்டீங்க, படுங்க" என்றால் உடனே படுத்துவிடுகிறார். நான் சொன்னால் மட்டும் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்க்கிறார். பிறகு மெல்ல எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரைக்கும் போய், தானே பார்த்துவிட்டு வருகிறார்.