எனக்கு வெறி ஏறாது

எவ்வளவு கள்ளுக் குடித்தாலும் எனக்கு வெறி ஏறாது. இது பொய். ஏறும்; அது எனக்குத் தெரிவதில்லை, அவ்வளவு கெட்டிக்காரத் தலை.

எங்கள் ஊர் கீரியில் கடலுக்குப் போகுமுன் நாங்கள் குடித்தால், ஆடாமல் நிற்பவனிடம்தான் எஞ்சினைக் கொடுப்போம். அது எப்போதும் நான். ஒரு மிடறுக்கே முகம் சிவக்கும் மனைவியின் தம்பி யூட்டை முன்னால் இருத்திக் கேலி செய்வேன். ஒருநாள் அப்படிக் குடித்துவிட்டுப் போனபோது பெரிய அலை வருவதைக் கண்டேன், எஞ்சினைத் திருப்பக் கை பிந்திவிட்டது. படகு புரண்டு யூட்டின் மண்டை உடைந்தது. பக்கத்துப் படகுக்காரர்தான் அவனைத் தூக்கினார்கள்.

எவ்வளவு குடித்தாலும் ஆடமாட்டேன் என்று ஆஸ்பத்திரியில் சொன்னதும் டொக்டர் கேட்டார்: "உங்கட அப்பாவும் இப்பிடியோ?"

"ஓம் டொக்டர். போத்தல் முடிச்சாலும் ஆடமாட்டார். ஈரல் பழுதாகித்தான் செத்தவர்."

"சிலருக்கு இது பரம்பரையா வாறது. உங்கட மூளை 'காணும், போதும்' எண்டு சொல்லப் பிந்தும். அதாலதான் கூடக் குடிக்கிறீங்கள். ஆடாட்டிலும் மூளை மந்தம்தான்."

யூட் பிழைத்துவிட்டான். நான் குடியை விட்டுவிட்டேன். ஆனால் போன கிழமை என் மூத்த மகன் கூட்டாளிகளிடம், "எனக்கு ஏறாதடா" என்று பெருமையாகச் சொன்னது காதில் விழுந்தது. அன்றிரவு நித்திரை வரவில்லை.

"அப்பா, வாறீங்களோ? படகு இறக்கப் போறம்."

அவன்தான் கூப்பிடுகிறான். முதலில் அவன் வாயை மணந்து பார்க்க வேண்டும்.